மாடல் கோட்டோவியமாகும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

ஓட்டு வீட்டின் முகப்பையோ கோயில் விமானத்தையோ முப்பரிமாண மாடலாகக் கட்டி, பேனாவால் வரைந்தது போலப் படமெடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் கொஞ்சம்தான். அவற்றை அறிகுறிவாரியாகக் கீழே தந்திருக்கிறோம். மென்பொருள் பிளெண்டர். ஸ்கெட்ச்அப் வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

முதலில், உங்கள் கோப்பில் கோடு எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். ரெண்டர் (மாடலைப் படமாக எடுப்பது) அமைப்பில் ஃப்ரீஸ்டைல் என்ற கோடு போடும் வசதி டிக் ஆகியிருந்தால் அது ஒரு வழி. கிரீஸ் பென்சில் பொருளில் (கோடுகளால் ஆன பொருள்) லைன் ஆர்ட் மாடிஃபையர் இருந்தால் இரண்டாவது. மாடலின் மேலேயே சாலிடிஃபை மாடிஃபையரும் கறுப்பு மெட்டீரியலும் இருந்தால் மூன்றாவது. மாடலைச் சற்றே பெரிய கறுப்பு உறையால் மூடி, ஓரத்தில் தெரிவதைக் கோடாக்கும் இதை இங்கே உறை முறை என்கிறோம். ஒரே கோப்பில் இரண்டு வழி சேர்ந்திருந்தால் ஒன்றை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று சோதனை

கோட்டு அமைப்பைத் தொடும் முன் மாடலைப் பாருங்கள். கோடு கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மாடலில்தான் இருக்கும். கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. அளவு. என் விசையை அழுத்திப் பக்கப் பலகையில் பரிமாணத்தைப் பாருங்கள். 12 மீட்டர் வீடு 12,000 மீட்டர் என்று காட்டினால் ஆட்டோகேடிலிருந்து மி.மீ. கணக்கிலேயே வந்திருக்கிறது. 0.001 ஆகச் சுருக்கி, கன்ட்ரோல் + ஏ அழுத்தி ஸ்கேலை உறுதியாக்குங்கள். மூன்று ஸ்கேல் எண்களும் 1 ஆக வேண்டும்.
2. முகத்தின் திசை. ஓவர்லே பட்டியலில் ஃபேஸ் ஓரியன்டேஷனைப் போடுங்கள். வெளிப்புறத்தில் எங்கும் சிவப்பு வரக் கூடாது. சிவப்புத் தெரிந்தால் எடிட் மோடில் எல்லாவற்றையும் தேர்ந்து ஷிஃப்ட் + என்.
3. ஒட்டாத புள்ளிகள். எடிட் மோடில் எம் அழுத்தி பை டிஸ்டன்ஸ். வீட்டு அளவு மாடலுக்கு 0.001 மீட்டர் போதும். எத்தனை புள்ளி நீங்கியது என்று கீழே காட்டும். ஆயிரக்கணக்கில் நீங்கினால் கோளாறு இதுவாகவே இருக்கலாம். மறுபடி ரெண்டர் எடுத்துப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

## கோடே வரவில்லை

ஃப்ரீஸ்டைல் என்றால்: வியூபோர்ட்டில் ஃப்ரீஸ்டைல் கோடு தெரியாது. எஃப்12 அழுத்தினால்தான் வரும். எஃப்12இலும் வராவிட்டால் வியூ லேயர் பகுதிக்குப் போய் அங்கும் ஃப்ரீஸ்டைல் டிக் ஆகியிருக்கிறதா, லைன் செட் (எந்த விளிம்புகளுக்குக் கோடு என்று சொல்லும் தொகுப்பு) ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். லைன் செட்டில் கலெக்‌ஷன் (பொருள்களைச் சேர்த்து வைக்கும் குழு) வடிகட்டி போட்டிருந்தால், நீங்கள் புதிதாகச் சேர்த்த தூணோ கதவோ அந்தக் கலெக்‌ஷனுக்கு வெளியே கிடக்கும்.

லைன் ஆர்ட் என்றால்: காட்சியில் கேமரா இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு கோடும் வராது. அடுத்து, மாடிஃபையரில் லேயர், மெட்டீரியல் என்ற இரண்டு கட்டமும் நிரம்பியிருக்கின்றனவா பாருங்கள். கோடு இருந்தும் புள்ளி புள்ளியாக மறைந்து தெரிந்தால் அது மாடலின் பரப்பில் புதைந்து நிற்கிறது: கிரீஸ் பென்சில் பொருளின் வியூபோர்ட் டிஸ்ப்ளேயில் இன் ஃப்ரன்ட்டைப் போடுங்கள். ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் கோடு இல்லையென்றால், அந்தப் பொருளின் லைன் ஆர்ட் பகுதியில் எக்ஸ்க்ளூட் என்று வைத்திருப்பார்கள்.

உறை முறை என்றால்: சாலிடிஃபையில் தடிமன் மிகக் குறைவு. இந்தத் தடிமன் பிக்சல் கணக்கு இல்லை, உண்மையான மீட்டர் கணக்கு. 1:50 அளவில் அச்சில் 0.5 மி.மீ. கோடு வேண்டுமென்றால் மாடலில் 2.5 செ.மீ. வேண்டும். 1:200 விமானத்துக்கு 0.3 மி.மீ. கோடு என்றால் 6 செ.மீ.

## மாடல் முழுக்கக் கறுத்துவிட்டது

இது உறை முறையில் மட்டும் வரும். கறுப்பு உறை மாடலை மூடிக்கொண்டு நிற்கிறது.

- சாலிடிஃபையில் ஃப்ளிப் நார்மல்ஸ் டிக் ஆகியிருக்கிறதா, ஆஃப்செட் 1 ஆக இருக்கிறதா, மெட்டீரியல் ஆஃப்செட் கறுப்பு மெட்டீரியலைக் காட்டுகிறதா பாருங்கள்.
- ஈவீயில் (பிளெண்டரின் வேகமான ரெண்டர் முறை), கறுப்பு மெட்டீரியலில் பேக்ஃபேஸ் கல்லிங் (முகத்தின் பின்பக்கத்தை மறைப்பது) போட வேண்டும். பிளெண்டர் 4.2 பதிப்பு முதல் கேமராவுக்கும் நிழலுக்கும் தனித்தனி டிக். நிழலுக்குப் போடாமல் விட்டால் உறை மாடலின் மேலேயே நிழல் விழுத்தி, சுவர் முழுக்க இருண்டு வரும். பழைய பதிப்பில் அந்த மெட்டீரியலின் ஷேடோ மோடை நன் என்று வையுங்கள்.
- சைக்கிள்ஸில் (பிளெண்டரின் இன்னொரு ரெண்டர் முறை) கேமராவுக்கான கல்லிங் டிக்கை நம்ப முடியாது. ஜியாமெட்ரி நோடின் பேக்ஃபேசிங் வெளியீட்டை மிக்ஸ் ஷேடரின் ஃபேக்டரில் கொடுத்து, மேல் துளையில் கறுப்பு எமிஷன், கீழ்த் துளையில் டிரான்ஸ்பரன்ட் வையுங்கள்.

இதற்குப் பிறகும் திட்டுத் திட்டாகக் கறுப்பு நின்றால் அந்த இடத்து முகங்கள் திசை மாறியவை. இரண்டாவது சோதனைக்குத் திரும்புங்கள்.

## கோடு அறுந்து வருகிறது, சேருமிடத்தில் கோடு இல்லை

மூலையில் மட்டும் பிளவு: உறை முறையில் புள்ளிகள் ஒட்டாததால் ஒவ்வொரு முகமும் தன்பாட்டுக்கு விலகுகிறது. மூன்றாவது சோதனை சரிசெய்யும். அப்படியும் கூர்மூலை கிழிந்தால் சாலிடிஃபையில் ஈவன் திக்னெஸ். தாழ்வாரத்துத் தகடு போலத் தடிமனே இல்லாத ஒற்றை முகத்துக்கு உறை ஒழுங்காக அமையாது. அதற்கு முதலில் உண்மையான தடிமன் கொடுங்கள்.

தூண் தரையில் நிற்கும் இடத்தில், கூரை சுவரில் இறங்கும் இடத்தில் கோடு இல்லை: திண்ணைத் தூணைத் தரைக்குள் 10 செ.மீ. புதைத்து நிறுத்துவது எல்லோருக்கும் பழக்கம். ஆனால் இரண்டு பரப்பு ஒன்றையொன்று வெட்டும் இடத்தை ஃப்ரீஸ்டைல் கண்டுபிடிக்காது. அங்கே உண்மையான விளிம்பு இருந்தால்தான் கோடு போடும். படத்தில் தூண் அந்தரத்தில் மிதப்பது போலத் தெரிவது இதனால்தான். செலவு குறைந்த வழியிலிருந்து தொடங்கினால்: தூணின் அடியைத் தரை மட்டத்தோடு நிறுத்துங்கள், அல்லது இரண்டையும் ஒரே பொருளாக்கி, எடிட் மோடில் இன்டர்செக்ட் நைஃப் கொடுத்து விளிம்பு வெட்டி, அந்த விளிம்பைக் கோடாகக் குறியுங்கள், அல்லது லைன் ஆர்ட்டுக்கு மாறுங்கள், அதில் இன்டர்செக்‌ஷன் என்ற டிக் இந்தக் கோட்டைத் தானே போடும். நூறு ஓடுகள் சுவருக்குள் நுழையும் நாட்டு ஓட்டுக் கூரைக்கு லைன் ஆர்ட்டுக்கு மாறுவதுதான் மிச்சம்.

கதவிலும் சன்னலிலும் கோடு மின்னி மறைகிறது: கதவுப் பலகையும் சுவரும் ஒரே தளத்தில் கிடக்கின்றன. பலகையை 3 மி.மீ. முன்னால் இழுங்கள்.

## கோடு அளவுக்கு மேல், கோபுரம் கரிக்கட்டை போல

இதுதான் அதிகம் படுத்தும் கோளாறு. எந்த வகையில் அதிகம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

சுவரில் முக்கோணம் முக்கோணமாகக் கோடு: ஒட்டாத புள்ளிகள். ஒட்டாத விளிம்பு ஒவ்வொன்றையும் ஃப்ரீஸ்டைல் பார்டர் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த வகை தொடக்கத்திலேயே டிக் ஆகியிருக்கும். எஸ்டிஎல் கோப்பாக வந்த மாடலில் இது சகஜம். மூன்றாவது சோதனையோடு, லிமிட்டட் டிஸ்ஸால்வை 5 பாகையில் கொடுத்தால் சமதளச் சுவர் ஒரே முகமாகிவிடும்.

தூணில் நெடுக்காகக் கோடு, அல்லது வர வேண்டிய பட்டைக் கோடு வரவில்லை: மெனுவில் கிரீஸ் ஆங்கிள் என்று இருப்பதை இங்கே மடிப்புக் கோணம் என்கிறோம், கிரீஸ் பென்சிலோடு குழம்ப வேண்டாமே என்று. இரண்டு முகத்துக்கு நடுவிலுள்ள கோணம் இந்த எண்ணைவிடக் குறைந்தால் கோடு விழும். ஃப்ரீஸ்டைலில் தொடக்க எண் 134.43, லைன் ஆர்ட்டில் 140. எட்டுப்பட்டைத் தூணில் பட்டைகளுக்கு நடுவே 135 பாகை. அதனால் ஒரே தூண் லைன் ஆர்ட்டில் பட்டையோடு வரும், ஃப்ரீஸ்டைலில் வழவழவென்று வரும். ஃப்ரீஸ்டைலில் 138 வைத்தால் பட்டை வந்துவிடும். பதினாறு பட்டைத் தூணுக்கு 157.5 பாகை, ஆகவே 160 வேண்டும். ஆனால் 160 வைத்தால் 18க்கும் குறைந்த பக்கங்களால் கட்டிய உருண்டைகளெல்லாம், மரத்தூணும் கலசமும் உட்பட, பட்டை பட்டையாகக் கோடு வாங்கும். உருண்டையாகத் தெரிய வேண்டியதை 32 பக்கத்தில் கட்டுங்கள். அதை மாற்ற முடியாதென்றால் மடிப்புக் கோணத்தைத் தொடாமல், வேண்டிய விளிம்புகளை மட்டும் தேர்ந்து மார்க் ஃப்ரீஸ்டைல் எட்ஜ் கொடுத்து, லைன் செட்டில் எட்ஜ் மார்க்கை டிக் செய்யுங்கள். இதே குறியை லைன் ஆர்ட்டும் படிக்கும்.

அதிட்டானமும் (விமானத்தின் அடிப்பீடம்) மேல்தளங்களும் ஒரே கறுப்பாகச் சேர்ந்துவிட்டன: இங்கே அமைப்பில் தவறில்லை, தாளில் இடமில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறக்குறைய 66 மீட்டர். ஏ3 தாளை நெடுக்காக வைத்து 1:200இல் போட்டால் 330 மி.மீ. வரும், தாளில் அடங்கும். ஆனால் அந்த அளவில் 5 செ.மீ. பட்டிகை (பீடத்தின் பட்டையான அங்கம்) தாளில் 0.25 மி.மீ. ஆகிறது, அதாவது ஒரு பேனாக் கோட்டின் அகலம். அதன் மேல் விளிம்புக்கு ஒன்று, கீழ் விளிம்புக்கு ஒன்று என்று இரண்டு கோடு போட்டால் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? இரண்டு கோட்டுக்கு நடுவில் கோட்டின் அகலத்தைப் போல் இரு மடங்கு வெள்ளை வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 0.25 மி.மீ. கோட்டுக்கு 0.5 மி.மீ. வெள்ளை. 1:200இல் அது 10 செ.மீ. அதற்குக் குறைந்த நெளிவுகளுக்குக் கோடு தராதீர்கள்.

செய்யும் முறை: தளங்களைக் கலெக்‌ஷன் கலெக்‌ஷனாகப் பிரியுங்கள். கண்ணுக்கு அருகிலுள்ள அதிட்டானத்துக்கும் முதல் இரண்டு தளத்துக்கும் ஒரு லைன் செட்: புறக்கோடு, மடிப்புக் கோடு, குறித்த விளிம்பு. அதற்கு மேல் இன்னொரு லைன் செட்: புறக்கோடும் குறித்த விளிம்பும் மட்டும். மேல்தளத்தில் குறிக்க வேண்டியவை கபோதத்தின் (வளைந்து நீளும் கூரை விளிம்பு) அடிவிளிம்பு, கூடு (குதிரைலாட வடிவ வளைவு), சாலை (வண்டிக்கூடு போன்ற கூரையுள்ள சிறு கோயில் வடிவம்) ஆகியவற்றின் வளைவு, அவ்வளவுதான். கபோதத்தின் மேல்விளிம்பை விட்டுவிடுங்கள். கீழே விழும் நிழலே அதைச் சொல்லிவிடும். கங்கைகொண்ட சோழபுரம் போல உள்வளைந்து ஏறும் விமானத்தில் இந்தச் சிக்கனம் இன்னும் முக்கியம். அங்கே அந்த வளைவுதான் அழகு. உள்ளே கோடு கூடக் கூட வளைவு கண்ணில் படாமல் போகும்.

சிற்பத்தில் முழுக்கக் கிறுக்கல்: படங்களிலிருந்து ஸ்கேன் செய்த மாடல். கல்லின் சொரசொரப்பே விளிம்பாக வருகிறது. மடிப்புக் கோணத்தை 100க்குக் கீழே இறக்குங்கள். அடுத்து ரீமெஷ் கொடுத்து ஸ்மூத் செய்யுங்கள். அடுத்து, சிற்பத்துக்குப் புறக்கோடு மட்டும் போட்டு, உள்ளே நிழல் படிகளால் நிரப்புங்கள். தாராசுரத்துத் தேர் மண்டபச் சக்கரம், குதிரை போன்றவற்றுக்கு இந்தக் கடைசி வழி கைகொடுக்கும்.

*ஆளைக் கூப்பிடும் இடம்:* முகமும் விரலும் தெரிகிற அளவில் சிற்பம் கோடாக வர வேண்டுமென்றால் ஸ்கேனின் மேல் புதிதாக மெஷ் போர்த்த வேண்டும். அது மெஷ் வேலை தெரிந்தவருக்கே நாள் கணக்கில் ஆகும் வேலை. ஒன்றிரண்டு சிற்பம்தான் என்றால் இன்னொரு வழியும் உண்டு: ரெண்டரைத் தாளில் எடுத்து, சிற்பம் வரையத் தெரிந்த ஸ்தபதியிடமோ ஓவியரிடமோ அந்த இடத்தை மட்டும் மைக்கோட்டில் போட்டு வாங்கி, ஸ்கேன் செய்து ஒட்டுங்கள். பல நேரம் இதுவே மலிவு, படமும் உயிரோடு இருக்கும்.

## திரையில் சரியாக இருந்தது, அச்சில் கெட்டுவிட்டது

அச்சில் தடித்துவிட்டது: ஃப்ரீஸ்டைலின் லைன் திக்னெஸ் ரிலேட்டிவ் என்று இருக்கிறது. அதில் படத்தின் உயரம் 480 பிக்சலுக்கு 1 என்ற கணக்கில் கோடு வளரும். ஏ3 தாளைக் குறுக்காக, 300 டிபிஐயில் எடுத்தால் படம் 4961 × 3508 பிக்சல். 3508ஐ 480ஆல் வகுத்தால் 7.3, 3 என்று வைத்த கோடு 22 பிக்சல் ஆகிறது, தாளில் 1.86 மி.மீ. அப்சல்யூட்டுக்கு மாற்றுங்கள்.

அச்சில் மயிர்போல மெலிந்துவிட்டது: சிறிய படத்தில் கண்ணுக்குப் பிடித்த எண்ணைப் பெரிய படத்துக்கும் அப்படியே வைத்திருக்கிறீர்கள். கண் மதிப்பை விடுங்கள். மி.மீ. அகலத்தை 25.4ஆல் வகுத்து டிபிஐயால் பெருக்கினால் பிக்சல் கிடைக்கும். 300 டிபிஐயில் 0.18 மி.மீ. கோடு 2.1 பிக்சல், 0.3 மி.மீ. 3.5, 0.5 மி.மீ. 5.9. வீட்டு முகப்புக்கு உள்கோடு 0.18, விளிம்பு 0.3, தரைக்கோடும் முன்புறத் தூணும் 0.5 என்று மூன்று லைன் செட் வைத்தால் வரைபலகையில் போட்டது போலவே இருக்கும்.

ஸ்கெட்ச்அப்பில் இதே குறைக்கு, படமாக ஏற்றுமதி செய்யும் கட்டத்தில் ஆப்ஷன்ஸுக்குள் லைன் ஸ்கேல் மல்டிப்ளையர் இருக்கிறது. அதைக் கூட்டுங்கள்.

கோடு சாம்பலாக, ஓரம் அழுக்காக வருகிறது: ஜேபெக்காகச் சேமித்ததால். பிஎன்ஜி அல்லது டிஃப் கொடுங்கள். ஃப்ளெக்ஸ் பேனர் அளவுக்குப் போகிறதென்றால் ஃப்ரீஸ்டைல் எஸ்விஜி எக்ஸ்போர்ட்டரால் கோட்டை வெக்டராக எடுக்கலாம். ஆனால் அதில் கோட்டின் தடிப்பு ஏற்ற இறக்கமெல்லாம் போய், ஒரே அகலமாக வரும். எடுத்த பிறகு இங்க்ஸ்கேப்பில் திருத்திக்கொள்ள வேண்டும்.

*ஆளைக் கூப்பிடும் இடம்:* 300 டிபிஐ பிஎன்ஜி கொடுத்தும் கறுப்பு பழுப்பாக அடித்தால் கோளாறு உங்கள் பக்கம் இல்லை. அச்சகத்தாரிடம் கோட்டைக் கறுப்பு மையில் மட்டும் அடிக்கச் சொல்லி, ஒரு தாள் மாதிரி பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள்.

## ஸ்கேல் வைத்து இழுத்தது போல இருக்கிறது, கைக்கோடாக இல்லை

ஃப்ரீஸ்டைலின் லைன் ஸ்டைலில் ஜியாமெட்ரி பகுதியில் பெர்லின் நாய்ஸ் 1டி சேருங்கள். ஏ3, 300 டிபிஐ படத்துக்கு ஆம்ப்ளிட்யூட் 3 முதல் 5 வரை. 10ஐத் தாண்டினால் கிழவர் கை நடுங்கியது போலாகும். நெளிவு பொடிப்பொடியாக வந்தால் ஃப்ரீக்வென்ஸியைக் குறையுங்கள். கைக்கோட்டின் நெளிவு நீளமானது.

பேக்போன் ஸ்ட்ரெச்சர் மூலையில் கோட்டைக் கொஞ்சம் தாண்டவிடும். 10 முதல் 20 பிக்சல் வைத்தால் வீட்டு முகப்புக்கு நன்றாக இருக்கும். கோயிலுக்கு வேண்டாம். அங்கே ஒவ்வொரு அங்கத்துக்கும் அளவு உண்டு. மூலை தாண்டிய கோடு அந்த அளவைப் பொய்யாக்கும். திருப்பணிக்காகப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தவறாகவே படும்.

செயினிங்கில் ஸ்கெட்சி, ரவுண்ட்ஸ் 2 என்றால் ஒரு கோட்டை இரண்டு தடவை இழுத்தது போல வரும். தொடக்க எண்ணான 3 தடித்துத் தெரியும்.

## நிறம் செத்துப்போய், நிழல் அசிங்கமாக

வெள்ளைத் தாள் சாம்பலாக, காவி மங்கலாக: கலர் மேனேஜ்மென்ட்டில் வியூ டிரான்ஸ்ஃபார்மை ஸ்டாண்டர்டு ஆக்குங்கள். 4.0 முதல் ஏஜிஎக்ஸ்தான் தொடக்க அமைப்பு, அதற்கு முன் ஃபில்மிக். இரண்டும் புகைப்படத் தோற்றத்துக்கானவை.

படிப்படியான நிழல் வரவே இல்லை: ஷேடர் டு ஆர்ஜிபி நோடு ஈவீயில் மட்டும் வேலை செய்யும். சைக்கிள்ஸில் இருக்கிறீர்களா பாருங்கள்.

நிழல் ஓரத்தில் பொடிப்புள்ளி: சூரிய விளக்கின் ஆங்கிளை 0 ஆக்குங்கள். நிழல் ஓரம் பல் பல்லாக: அந்தப் பொருளுக்கு ஷேட் ஸ்மூத், போதாவிட்டால் முகங்களைக் கூட்டுங்கள்.

முகப்பே இருளில் மூழ்கிவிட்டது: சூரியனை உண்மையான மதிய இடத்தில் வைத்திருப்பீர்கள். காவிரி டெல்டா ஏறக்குறைய 11 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் மத்தியில் நண்பகல் வெயில் உச்சந்தலையில் விழும். தாழ்வார நிழல் திண்ணையையும் சுவரையும் விழுங்கிவிடும். காலை வெயில் போல 40 பாகை உயரத்தில், இடப்பக்கம் சாய்த்து வையுங்கள்.

## படம் அசையும்போது கோடு கொதிக்கிறது

ஃப்ரீஸ்டைல் ஒவ்வொரு ஃபிரேமிலும் கோட்டைப் புதிதாகக் கோக்கிறது. கோட்டின் நீளம் மாறியதும் நெளிவும் இடம் மாறும். ஆம்ப்ளிட்யூடை 1க்கு இறக்குங்கள். அடுத்து, 24 ஃபிரேம் காட்சியில் ஃபிரேம் ஸ்டெப் 2 வைத்து, நொடிக்கு 12 படம் எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டு தடவை காட்டுங்கள். கொதிப்பு கை ஓவியத்தின் துடிப்பாகத் தெரியும். கோடு அசையவே கூடாதென்றால் உறை முறைக்குப் போங்கள்.

மாடல் நகர, தாளின் சொரசொரப்போ ஹேட்ச் கோடோ திரையில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றால், அந்த டெக்ஸ்ச்சர் விண்டோ கோஆர்டினேட்டில் (திரையைப் பொறுத்த இடக்கணக்கு) இருக்கிறது. ஆப்ஜெக்ட் அல்லது யூவிக்கு மாற்றுங்கள்.

## ரெண்டர் முடியவில்லை, பிளெண்டர் மூடிக்கொள்கிறது

முதலில் சப்டிவிஷனைப் பாருங்கள். படி 3 என்றால் நாலு மூலை முகம் ஒன்று 64 ஆகிறது. ரெண்டருக்கு 1 போதும். கேமராவுக்குத் தெரியாத பின்சுவர், உள்ளறைகள், முற்றத்துக்கு அந்தப்பக்கத்துக் கட்டடம் எல்லாவற்றையும் ரெண்டரிலிருந்து அணையுங்கள். வியூ லேயரின் ஃப்ரீஸ்டைல் பகுதியில் கல்லிங் என்ற டிக்கைப் போடுங்கள்.

அதற்கும் அடங்காத மாடலை வியூ லேயர்களாகப் பிரித்து, தளம் தளமாகக் கோடெடுத்து ஒட்டுங்கள். ஆஸ் ரெண்டர் பாஸ் டிக் செய்தால் கோடு தனி அடுக்காக வரும். கோடு பிடிக்காமல் போனாலும் நிறப் படத்தை மறுபடி எடுக்க வேண்டியதில்லை.

காசு செலவழிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஃப்ரீஸ்டைல் கோட்டுக் கணக்கு பிராசசரில் ஓடுகிறது. புது கிராஃபிக்ஸ் கார்டு அதை வேகப்படுத்தாது. ரெண்டர் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் நினைவகம் நிரம்பி வழிகிறதா பாருங்கள். வழிந்தால் ரேமை 8இலிருந்து 16 ஜிபி ஆக்குவது பலன் தரும். நினைவகம் மிச்சமிருந்தும், சின்ன மாடலில்கூட, இயந்திரமே அணைந்துபோனால் மென்பொருளை விடுங்கள். மடிக்கணினியின் விசிறியில் தூசி அடைத்திருக்கும் அல்லது வெப்பப் பசை காய்ந்திருக்கும். கணினி பழுது பார்ப்பவரிடம் திறந்து காட்டுங்கள்.